மூன்று தங்க மணிகளும் அரை லிட்டர் தண்ணீரும்

முப்பது வருடம் பேருந்து ஓட்டியவன் நான். மலேசியாவின் கூலாயில் ஆட்களை ஏற்றி, செனாயில் உள்ள தொழிற்சாலைகளில் இறக்கிவிடுவதுதான் வேலை. இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு ஒரு பழக்கம் தானாக வந்துவிடும். சிறுநீரை அடக்குவது. சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டால், நாற்பது பேரை வண்டியில் உட்கார வைத்துவிட்டு ஓட்டுநர் இறங்கிப் போக முடியாது அல்லவா?

அதனால்தான், எனக்குப் புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று உறுதியான பிறகு, கதிர்வீச்சு சிகிச்சைக்கு வரும்போதெல்லாம் சிறுநீர்ப்பையை நிறைத்துக்கொண்டு வர வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அது என் தொழில் டாக்டர், அதில் என்னைத் தோற்கடிக்க ஆள் கிடையாது என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை. இப்போது உங்களுக்கு அறுபத்தேழு வயது என்று மட்டும் சொல்லிவிட்டுக் கணினியில் எதையோ தட்டினார்.

நோயைக் கண்டுபிடித்தது நானல்ல, என் மனைவி. அவளும் ஒரு காலத்தில் என் பேருந்தில் வந்தவள்தான். செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் சேர்த்து எட்டு வருடம் எனக்கு நேர் பின்னால் இருக்கும் இருக்கையில் உட்கார்ந்து வந்தவள். நான் கழிப்பறைக்கு அடிக்கடி போவதையும், போய்விட்டு வர நேரமாவதையும் அவள் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். வயசானா இப்படித்தான் என்று நான் சொன்னதை அவள் ஏற்கவில்லை. கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். ரத்தப் பரிசோதனை, பிறகு ஸ்கேன், பிறகு ஊசியால் சதை எடுத்துப் பார்த்தது என்று ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது. நோய் சுரப்பியைவிட்டு வெளியே போகவில்லை, குணப்படுத்தலாம் என்றார்கள். அறுவை சிகிச்சையா கதிர்வீச்சா என்று கேட்டபோது, கத்தி என்ற சொல்லுக்கே பயந்தவனாக நான் கதிர்வீச்சைத் தேர்ந்தெடுத்தேன். வாரத்துக்கு ஐந்து நாள், நான்கு வாரம், ஆக இருபது தடவை ஜொகூர் பாருவில் இருந்த மருத்துவமனைக்குப் போய் வர வேண்டும்.

தொடங்குவதற்கு முன்னால், அரிசியைவிட மெல்லிய மூன்று தங்கத் துணுக்குகளை ஊசி வழியாக அந்தச் சுரப்பிக்குள் வைத்தார்கள். படத்தில் சுரப்பி எங்கே இருக்கிறது என்று அடையாளம் காட்டத்தானாம். வீட்டுக்கு வரும் வழியில் மனைவி, "கல்யாணத்தப்போகூட உங்களுக்கு ஒரு மோதிரம் தான் போட்டாங்க. இப்ப பாருங்க, மூனு தங்கம்" என்றாள். நோய் தெரிந்த அந்த ஒரு மாதத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அப்போதுதான். பிறகு இடுப்பைச் சுற்றி மூன்று இடத்தில் கடுகு மாதிரி சிறிய பச்சைப் புள்ளிகள் குத்தினார்கள். படுக்கையில் என்னை நேராகக் கிடத்துவதற்கு அந்தப் புள்ளிகள்.

தினசரி விதி இதுதான். மலச்சிக்கல் இல்லாமல் வயிற்றைக் காலி செய்துவிட்டு வர வேண்டும். மருத்துவமனைக்கு வந்ததும் சிறுநீர் கழித்துவிட்டு, அரை லிட்டர் தண்ணீரைப் பத்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். பிறகு முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். அவரைக்காய், முட்டைகோஸ், பருப்பு, கடலை, குளிர்பானம் எதுவும் கூடாது. ஏன் என்று விளக்கத்தான் செய்தார்கள். நான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. விதி என்றால் விதி, இருக்கைப் பட்டி போடச் சொல்வது மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

இயந்திரத்தை இயக்குபவர்களில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், ஸ்கூடாய்க்காரர். என்னை அங்கிள் என்றும் என் மனைவியை ஆண்ட்டி என்றும் கூப்பிடுவார். முழங்காலுக்கு அடியில் ஒரு தாங்கி, பாதத்துக்கு ஒரு தாங்கி வைத்து என்னைக் கிடத்துவார். சுவரிலிருந்து வரும் சிவப்புக் கோடுகளை அந்தப் பச்சைப் புள்ளிகளில் பொருத்துவார். பிறகு எல்லாரும் வெளியே போய்விடுவார்கள். கனமான கதவு மூடும். இயந்திரம் என்னைச் சுற்றி ஒரு தடவை வந்து படம் எடுக்கும். படுக்கை நூலளவு நகரும். அதன்பிறகுதான் சிகிச்சை. வலி எதுவும் கிடையாது. அசையாமல் படுத்திருப்பது ஒன்றே என் வேலை. முதல் மூன்று நாளும் அதைப் பிசகில்லாமல் செய்தேன்.

நான்காவது நாள் இயந்திரத்தில் ஏதோ கோளாறு. சரிசெய்ய ஆள் வந்திருந்தார். கூடத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் காத்திருந்தோம். நான் ஏற்கெனவே என் பாட்டிலைக் குடித்து முடித்திருந்தேன். முக்கால் மணி நேரம் ஒரு மணி நேரமானது, பிறகு ஒன்றரை ஆனது. போய்க் கொஞ்சம் விட்டுவிட்டு வாருங்கள் என்று மனைவி சொன்னாள். நான் கேட்கவில்லை. முப்பது வருட அனுபவம் இருக்கிறதே. கடைசியில் என் எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். பத்து அடி நடந்திருப்பேன். நடைபாதையின் நடுவில், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அடக்க முடியாமல் போய்விட்டது.

என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றேன். கால் வழியாக வெதுவெதுப்பாக இறங்கியது இன்றைக்கும் நினைவிருக்கிறது. மனைவி ஓடிவந்து தன் துப்பட்டாவை என் இடுப்பில் சுற்றினாள். துப்புரவு வேலை செய்யும் அம்மா ஒருவர், எந்த முகக்குறியும் இல்லாமல், ஏதோ தண்ணீர் பாட்டில் கவிழ்ந்துவிட்டது போலத் துடைத்துவிட்டுப் போனார். இது இங்கே அடிக்கடி நடப்பதுதான் என்று அந்தத் தமிழ்ப் பெண் சொன்னார். அது என் காதில் ஏறவில்லை. அவர்கள் கொடுத்த மருத்துவமனைக் கைலியைக் கட்டிக்கொண்டு, மறுபடி தண்ணீர் குடித்து, சிகிச்சையை முடித்துக்கொண்டு காரை ஓட்டி வந்தேன். ஸ்கூடாய் நெரிசலில் வெகு நேரம் ஊர்ந்தோம். பரவாயில்லை என்று மனைவி இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லாமல் வானொலியைப் போட்டுவிட்டாள்.

மறுநாளிலிருந்து நான் ஏமாற்றத் தொடங்கினேன். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போவேன். பாதியைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டு, மீதியைக் கூடத்துக்கு வந்து எல்லாரும் பார்க்கக் குடிப்பேன். அப்படிச் செய்த முதல் நாள் படம் எடுத்ததும், சிறுநீர்ப்பை சிறியதாக இருக்கிறது என்று என்னை இறக்கிவிட்டார்கள். இன்னும் தண்ணீர் கொடுத்து, அரை மணி நேரம் காக்க வைத்தார்கள். முழுசாகக் குடித்தீர்களா என்று கேட்டதற்குக் குடித்தேன் என்றேன். எனக்கு வியர்வை அதிகம், அதில் போயிருக்கும் என்றும் சேர்த்துக்கொண்டேன். அறையில் குளிர்சாதனம் எலும்பை நடுக்கிக்கொண்டிருந்தது.

அடுத்த நாளும் அப்படியே செய்தேன். படம் எடுத்து முடிந்து வெகு நேரமாகியும் இயந்திரம் சுற்றவில்லை. கதவு திறந்தது. அந்தப் பெண் உள்ளே வந்து, பொசிஷன் நகர்ந்திருக்கிறது, இன்றைக்கு இப்படியே கொடுக்க முடியாது என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் அசையவே இல்லம்மா. மூச்சுகூட மெதுவாத்தான் விட்டேன்."

"நீங்க அசையல அங்கிள். உள்ள அசைஞ்சிருக்கு," என்றார். "எழுந்து வாங்க, காட்டுறேன். ஆண்ட்டியையும் கூப்பிடுறேன்."

வெளியே இருந்த திரைகளுக்கு முன் எங்கள் இருவரையும் உட்கார வைத்தார். ஒரு படம் சிகிச்சை தொடங்கும் முன் எடுத்தது. இன்னொன்று அன்றைக்கு எடுத்தது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். என் உடம்பின் உட்பக்கத்தை நான் அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் மூன்று வெள்ளைப் பொட்டுகள் பளிச்சென்று தெரிந்தன. அவைதான் அந்தத் தங்கத் துணுக்குகள். அவற்றுக்கு மேலே சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல். இரண்டுக்கும் இடையில் சுரப்பி இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

அது எலும்பு மாதிரி ஓர் இடத்தில் நிற்காது என்று அவர் விளக்கினார். மலக்குடலில் காற்றோ மலமோ சேர்ந்தால் முன்னால் தள்ளிவிடும். சிறுநீர்ப்பை நிறைவதும் வடிவதும் அதன் இடத்தை மாற்றும். சில மில்லிமீட்டர்தான். ஆனால் கதிர் போகும் பாதையை அந்தச் சில மில்லிமீட்டரைக் கணக்கில் வைத்துத்தான் போட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் நகர்ந்தால், விழ வேண்டிய இடத்தில் குறைவாகவும், விழக்கூடாத இடத்தில் அதிகமாகவும் விழும்.

"கொஞ்சம் நகர்ந்திருந்தா, பெட்டை நகர்த்தி நாங்க சரி பண்ணிடலாம்," என்றார். பிறகு சிறுநீர்ப்பையைச் சுட்டினார். முதல் படத்தில் அது ஊதிய பலூன். அன்றைய படத்தில் சுருங்கிய பை. அதன்மேல் குடல் சரிந்து இறங்கியிருந்தது. "இத எங்களால சரி பண்ண முடியாது அங்கிள். பை நிறைஞ்சிருந்தாத்தான் குடலை மேல தள்ளி வைக்கும். இல்லன்னா குடல் கதிருக்குள்ள வந்துரும். அப்புறம் வருஷக்கணக்கா வயித்துல தொந்தரவு வரலாம். இப்ப சொல்லுங்க, எவ்வளவு குடிச்சிங்க?"

அவர் குரலில் அதட்டல் இல்லை. அதனால் பொய் சொல்ல முடியவில்லை. பாதி என்றேன். நேற்றும் பாதிதான் என்றேன். சொல்லும்போது நான் அவரைப் பார்க்கவில்லை, மனைவியையும் பார்க்கவில்லை. திரையில் இருந்த அந்த மூன்று பொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. இயந்திரம் கெட்ட அன்றைக்குத் தாமதமானதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டது தங்கள் பக்கத் தவறு என்றார். இனிமேல் எனக்கு முன் இரண்டு பேர் இருக்கும்போது தானே வெளியே வந்து சொல்வதாகவும், அதற்குப் பிறகு குடித்தால் போதும் என்றும் ஏற்பாடு செய்தார். அடக்க முடியாவிட்டால் ஒரு கப் அளவு விட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளலாம், அதற்கும் வழி இருக்கிறது என்றார். உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ள ஒரு பஞ்சுப் பட்டையும் கொடுத்தார்.

மறுபடி தண்ணீர் குடித்து, அன்றைய சிகிச்சையை முடித்துவிட்டுக் காரில் ஏறியதும் மனைவி திட்டுவாள் என்று காத்திருந்தேன். நெடுஞ்சாலைக்கு வந்த பிறகுதான் பேசினாள்.

"எட்டு வருஷம் உங்க பஸ்ல வந்தேன். நடுவுல வண்டிய நிறுத்தி, டயர் பாக்கப் போறேன்னு சொல்லிட்டு செம்பனை மரத்துக்குப் பின்னால போவீங்கல்ல?"

நான் முன்னால் போன லாரியை முந்தினேன்.

"பஸ்ல எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் சிரிச்சதில்ல. பாவம் மனுஷன்னுதான் சொல்வாங்க."

முப்பது வருடமாக நான் கட்டிக்காத்த பெருமை செனாய்க்கும் கூலாய்க்கும் இடையில் எங்கோ இறங்கிப் போய்விட்டது. ஆனால் எனக்கு ஏனோ அதில் வருத்தம் இல்லை. தோளில் இருந்து எதையோ எடுத்துக் கீழே வைத்த மாதிரி இருந்தது. வீடு வரும்வரை பழைய பேருந்துக் கதைகளைப் பேசிக்கொண்டே வந்தோம்.

அதற்குப் பிறகு மருத்துவமனைக்குப் போவது எனக்குப் பிடித்துப்போனது என்றுகூடச் சொல்லலாம். கூடத்தில் என்னைப் போலவே பாட்டிலோடு உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு சீனர் இருந்தார். ஸ்கூடாயில் டயர் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். நான் அவரைத் தவுக்கே என்று கூப்பிடுவேன், கடை முதலாளிகளை எல்லாரும் கூப்பிடுவது போல. அவர் என்னை அண்ணே என்பார். இருவரும் மலாயில்தான் பேசிக்கொள்வோம். அவருக்கும் நடைபாதையில் ஒரு தடவை எனக்கு நேர்ந்தது நேர்ந்திருக்கிறது என்று தெரிந்தபோது, அவரைப் பல வருடமாகத் தெரிந்தவன் போல உணர்ந்தேன். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் மூடியைத் திறந்து, ஒரே நேரத்தில் குடித்து முடிப்போம்.

இரண்டாவது வார இறுதியில் சிம்பாங் ரெங்கத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். வாழை இலைச் சாப்பாடு. பத்து நாளாகக் கஞ்சியும் மீன் குழம்பும் சாப்பிட்டவனுக்கு முன்னால் சாம்பாரும், முட்டைகோஸ் பொரியலும், கடலை போட்ட கத்தரிக்காய்க் கூட்டும், பருப்பு வடையும் வந்து விழுந்தன. மனைவி இலையின் அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தாள். நான் நிமிரவில்லை. பாயசத்தை இரண்டு தடவை வாங்கினேன்.

திங்கட்கிழமை தண்ணீர் சரியாகக் குடித்திருந்தேன். சிறுநீர்ப்பை அழகாக இருக்கிறது என்று ஒலிபெருக்கியில் பாராட்டினார்கள். ஆனால் இயந்திரம் சுற்றவில்லை. கதவு திறந்தது.

"அங்கிள், கல்யாண வீட்டுக்குப் போனீங்களா?" என்றார் அந்தப் பெண்.

மனைவி காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். இல்லையாம். மலக்குடல் முழுக்கக் காற்று நிறைந்து, சுரப்பியை முன்னால் தள்ளிவிட்டிருக்கிறது. திங்கட்கிழமைகளில் தமிழர்கள் வந்தால் இதைத்தான் முதலில் கேட்பாராம். எழுந்து நடைபாதையில் நடங்கள், காற்றை வெளியேற்றிவிட்டு வந்து சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

வெளியே வந்தால், தவுக்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தார். அவரும் ஞாயிற்றுக்கிழமை பேரன் பிறந்தநாளில் எதையோ அள்ளிச் சாப்பிட்டிருக்கிறார். நான் சேர்ந்துகொண்டேன். நிறைந்த சிறுநீர்ப்பையோடு, தொடையை இறுக்கிக்கொண்டு, ஆனால் பின்பக்கத்தைத் தளர்த்திக்கொண்டு நடப்பது எவ்வளவு கடினம் என்பதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மூன்றாவது சுற்றில் அவர் என் பக்கம் திரும்பி, மிகவும் மரியாதையாக, "அண்ணே, சூடா கெலுவார்?" என்று கேட்டார். வெளியே வந்துவிட்டதா என்பதுதான் பொருள். பெலும், இன்னும் இல்லை என்றேன். "சாயா பூன் பெலும்," எனக்கும் இல்லை என்று பெருமூச்சு விட்டார்.

அதில் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவருக்கும் வந்தது. சிரிக்கக்கூடாது, சிரித்தால் தண்ணீர் நிற்காது என்று இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எந்த நொடியில் என்று சொல்லத் தெரியவில்லை, அந்தச் சிரிப்பிலேயே இருவருக்கும் காரியம் நடந்துவிட்டது. அப்போது கூடத்தில் இருந்த எங்கள் மனைவிமார் இருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

உள்ளே போய்ப் படுத்தேன். படம் சரியாக வந்தது. சிகிச்சையின் நடுவில் மட்டும் இயந்திரம் ஒரு தடவை நின்றது. மிச்சமிருந்த காற்று கொஞ்சம் இடம் மாறியதில் அந்த மூன்று தங்க மணிகளும் எல்லையைத் தாண்டியிருக்கின்றன. படுக்கையை நூலளவு நகர்த்திவிட்டுத் தொடர்ந்தார்கள். முன்பென்றால் பதறியிருப்பேன். இப்போது படுத்துக்கொண்டே, உள்ளே என்ன நடக்கிறது என்று மனத்துக்குள் படம் போட்டுப் பார்த்தேன். இத்தனை வருடம் என் உடம்பு என் சொற்படி நடக்கும் வண்டி என்று நினைத்திருந்தேன். நான் அசையாமல் கிடந்தாலும் அதற்குள் நிறைவதும் நகர்வதும் தள்ளுவதுமாக ஏதோ நடந்துகொண்டே இருக்கிறது. அதைத் திரையில் பார்த்துப் பொறுமையாகப் பின்தொடர வெளியே சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த எண்ணம் எனக்கு ஆறுதலாக இருந்தது. கண்ணை மூடினேன். முடிந்துவிட்டது அங்கிள் என்று அவர் வந்து தட்டி எழுப்பும் அளவுக்குத் தூங்கிப்போயிருந்தேன்.

மீதி நாட்களில் விதியை மீறவில்லை. கடைசி வாரத்தில் சிறுநீர் போகும்போது எரிச்சல் வந்தது, அலுப்பும் இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை போக வேண்டும் போலத் தோன்றும். எதிர்பார்த்ததுதான் என்று டாக்டர் மருந்து கொடுத்தார். கார் ஓட்டுவதை மனைவியிடம் விட்டேன். அவள் நன்றாகவே ஓட்டினாள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அந்தச் சாலையை வேடிக்கை பார்ப்பது எனக்குப் புதிதாக இருந்தது.

இருபதாவது நாள் மனைவி ஒரு டப்பா முறுக்கு சுட்டு எடுத்துவந்தாள். கடலை மாவு சேர்க்கவில்லை என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிக் கொடுத்தாள். அவர் சிரித்து, "இனிமே அங்கிள் என்ன வேணும்னாலும் சாப்பிடலாம் ஆண்ட்டி. நான் படம் எடுத்துப் பாக்க மாட்டேன்," என்றார். தவுக்கேவுக்கு இன்னும் ஆறு நாள் பாக்கி இருந்தது. நான் இல்லாமல் தண்ணீர் குடிக்க அலுப்பாக இருக்கும் என்றார். அந்த ஆறு நாளில் இரண்டு நாள் சும்மாவே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

எரிச்சல் ஒன்றரை மாதத்தில் அடங்கியது. மூன்று மாதம் கழித்து ரத்தத்தில் நோயைக் காட்டும் அளவு நன்றாக இறங்கியிருந்தது. அடுத்த பரிசோதனையில் இன்னும் இறங்கியது. இப்படியே போகட்டும், தொடர்ந்து பார்த்துக்கொண்டிருப்போம் என்றார் டாக்டர். தவுக்கேவுக்கும் நல்ல செய்திதான். மாதத்துக்கு ஒரு ஞாயிறு அவரும் அவர் மனைவியும் கூலாய்க்கு வருவார்கள், இல்லாவிட்டால் நாங்கள் ஸ்கூடாய்க்குப் போவோம். சேர்ந்து பசியாறுவோம். பருப்பு வடை கண்டிப்பாக இருக்கும்.

போன வாரம் என்னோடு பேருந்து ஓட்டிய பழைய நண்பர் ஒருவர் போன் செய்தார். வானிலை, பெட்ரோல், பிள்ளைகள் என்று சுற்றிச் சுற்றிப் பேசினார். போனை வைக்கப் போகிறவர் மாதிரி இழுத்து, தனக்கும் அதே இடத்தில் நோய் வந்திருப்பதாகவும், அடுத்த மாதம் கதிர்வீச்சு தொடங்குவதாகவும் சொன்னார். தண்ணீர் குடித்து அடக்கச் சொல்கிறார்களாம். "அது நமக்குப் பெரிய விஷயமா, நாம பாக்காததா," என்றார்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அந்த நடைபாதையில் நடந்ததிலிருந்து தொடங்கினேன். பாட்டிலைத் தொட்டியில் ஊற்றியதையும், திரையில் பார்த்த மூன்று பொட்டுகளையும், தவுக்கேவோடு நடந்த நடையையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். முதலில் ம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தவர், பிறகு ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார். முட்டைகோஸ் சரி, கடலையுமா கூடாது என்று கேட்டார். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி, போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லிக் கை காட்டினாள். போட்டேன். கல்யாணச் சாப்பாட்டைப் பற்றி அவளுக்கும் சொல்ல நிறைய இருந்தது.